பஸ் விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு: கேட்டதும் சொன்னதும்

பொன்னேரி நெடுஞ்சாலையிலும் எண்ணூர் பக்கமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் போய்வருகிறவர்கள் நாம். விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல் என்பதால் என்னிடம் கேட்டு வந்த கேள்விகளில் சில இங்கே.

திருவொற்றியூர், மீன் விற்பவர்: பஸ் திடீரென்று பிரேக் போட்டதில் உள்ளே விழுந்து கை முறிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். டிக்கெட் தொலைந்துவிட்டது. கேஸ் நிற்குமா மேடம்?

நிற்கும் அம்மா. டிக்கெட் இருந்தால் நல்லது, இல்லாததால் மட்டும் கேஸ் விழாது. அதைவிட முக்கியம், ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. அதில் "பஸ்ஸில் பயணம் செய்தபோது" என்று இருக்கிறதா பாருங்கள். வெறுமனே "கீழே விழுந்தார்" என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் படியில் விழுந்தீர்களா என்று கேட்பார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் இன்றே போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் புகார் கொடுங்கள். கூட வந்த பயணி யாராவது இருந்தால் அவர் போன் நம்பரை வாங்கி வையுங்கள். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வியாசர்பாடி, மூட்டை தூக்குபவர், வயது 38: தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. எவ்வளவு கிடைக்கும்?

தொகையை முன்கூட்டியே அடித்துச் சொல்கிற வக்கீலை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. ஆனால் கணக்கு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். உங்கள் மாத வருமானம் 15,000 என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. ஆண்டு வருமானத்தை வயதைப் பொறுத்து ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 36 முதல் 40 வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 15. வருமான இழப்பு 20 சதவீதம் என்றால் 5,40,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 7,56,000. மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி.

இதில் அந்த 20 சதவீதத்தில்தான் எல்லாச் சண்டையும் நடக்கும். மருத்துவக் குழு கொடுக்கும் ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமும் தொழிலில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கால் சற்றுக் குட்டையானால் சமாளித்துவிடலாம், உங்களுக்கு அது பிழைப்பே போன மாதிரி. ஆகவே என்ன வேலை, எத்தனை கிலோ தூக்குவீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் விவரமாகச் சொல்லுங்கள். வேலை கொடுத்த மண்டிக்காரர் கூண்டேறினால் பாதி வேலை முடிந்தது.

மணலி: எங்கள் கம்பெனி பஸ்ஸும் லாரியும் மோதின. இரண்டு டிரைவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள்.

போட்டுக்கொள்ளட்டும். பயணியான உங்கள் மேல் தவறில்லை, யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். பாதுகாப்புக்கு இரண்டு வண்டி உரிமையாளர்களையும் இரண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை: தவறு யார் மேல் என்று பார்க்காமலே இரண்டரை லட்சம் தருவதாக இன்ஷூரன்ஸில் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா அக்கா?

சட்டத்தில் அப்படி ஒரு வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் வரும். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உள்ள உங்கள் மனு காலாவதியாகிவிடும். சின்ன முறிவு, ஒழுங்காகக் கூடிவிட்டது என்றால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. இன்னொரு ஆபரேஷன் பாக்கி என்று டாக்டர் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காசிமேடு: ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் வந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் 30 சதவீதம் கொடுங்கள் என்றார். வெற்றுத் தாளில் அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிப் போனார்.

உடனே அந்தத் தாள்களைத் திருப்பி வாங்குங்கள். வருகிற தொகையில் பங்கு பேசுவது வக்கீலுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. புரோக்கருக்கு என்ன உரிமை இருக்கிறது? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்யுங்கள்.

கொருக்குப்பேட்டை: தம்பி படிக்கட்டில் தொங்கிப் போகும்போது விழுந்தான். விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகிறது.

அவன் பங்குக்கும் தவறு உண்டு என்று தொகையில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள், மனுவே செல்லாது என்பதில்லை. கூட்டம் பிதுங்கும்போது கண்டக்டர் விசில் கொடுத்தாரா என்பதும் கேள்விக்கு வரும். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தேதிதான். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். உங்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம். ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நான்கும் கையில் இருந்தால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். மற்ற ரசீதுகளைப் பிறகு தாக்கல் செய்துகொள்ளலாம்.