நியூசிலாந்து ஒயின் கேள்வி பதில்: லேபிளில் ஊர்ப் பெயரைப் பாருங்கள்

கேள்வி: நியூசிலாந்து ஒயின் கேட்டால் கடையில் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அங்கே வேறு எதுவும் விளைவதில்லையா சார்?

பதில்: நன்றாகவே விளைகிறது. ஏற்றுமதியில் பெரும்பங்கு அந்த ஒரு ரகம் என்பதால் மற்றவை நம் கண்ணில் படுவதில்லை. நாட்டின் நீளம் சுமார் 1,600 கிலோமீட்டர். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களைத் தெற்குத் தீவின் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டு மழை 6,000 மில்லிமீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் அலெக்சாண்ட்ராவில் 400கூடத் தேறாது. திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் கிழக்கிலேயே இருப்பதற்குக் காரணம் இதுதான். நாட்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஊர்ப் பெயரையும் பாருங்கள்.

கேள்வி: நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதி சோவின்யோன் பிளாங்க்கில் பாஷன் ஃப்ரூட் வாசனை தூக்கலாக இருக்கிறதே, எசென்ஸ் கலக்கிறார்களா?

பதில்: இல்லை. அந்த வாசனை தயாலிலிருந்து வருகிறது. இது கந்தகச் சேர்மம். பழத்தில் வாசனையற்ற மூலப்பொருளாகக் கிடக்கும், நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அதை விடுவிக்கிறது. இயந்திரத்தால் அறுவடை செய்யும்போது பழம் நசுங்குவதால் மூலப்பொருள் கூடுகிறது; கையால் பறித்து முழுக் குலையாகப் பிழிந்தால் குறைவு. அறுவடை நெருங்கும் நேரத்தில் பூஞ்சைக்கான செம்பு மருந்து அடித்தால் செம்பு தயாலைப் பிடித்துக்கொள்ளும், வாசனை போய்விடும்.

கூடவே வரும் பச்சைக் குடைமிளகாய் வாசனை வேறு, அது பழத்திலேயே இருக்கும் பைரசீன் என்ற சேர்மம். குலையில் வெயில் பட்டுப் பழம் முதிர முதிரக் குறையும். மார்ல்பரோவுக்குள்ளேயே வைராவ் பள்ளத்தாக்கு கூழாங்கல் நிலம், கொஞ்சம் வெப்பம் கூடுதல், ஆகவே பழ வாசனை ஓங்கும். தெற்கே உள்ள அவடெரியில் குளிரும் காற்றும் அதிகம். தக்காளி இலை, குடைமிளகாய், கூரான புளிப்பு. இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், சட்டென்று புரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்தேன். வாசனையே இல்லை. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை, வயதாகிவிட்டது. பாஷன் ஃப்ரூட் வாசனைக்குக் காரணமான சேர்மத்தில் ஒரு பகுதி நாளாக நாளாகத் தானே சிதையும். 30 டிகிரி அறையில் இன்னும் வேகமாக. அங்கே அறுவடை மார்ச், ஏப்ரலில். ஆகவே கிடைப்பதில் புதிய ஆண்டு பாட்டிலாக வாங்கி, 12 முதல் 15 டிகிரியில் வையுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் சாதாரண ஃபிரிட்ஜே மேல். பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் மணம் அடங்கியிருக்கும், கால் மணி நேரம் வெளியே வையுங்கள். மரப் பீப்பாயில் நொதித்த சோவின்யோன் மட்டும் சில ஆண்டுகள் தாங்கும்.

கேள்வி: திருகு மூடி போட்டது மலிவுச் சரக்குதானே?

பதில்: இல்லவே இல்லை. தக்கையிலிருந்து வரும் ஈர அட்டை வாடையைத் தவிர்க்க 2001இல் அங்குள்ள தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய மாற்றம் அது. இன்று விலை உயர்ந்தவை உட்பட 90 சதவீதத்துக்கு மேல் திருகு மூடிதான்.

கேள்வி: சிவப்பு ஒயினுக்கு எந்தப் பகுதி?

பதில்: மெர்லோ, சிரா வேண்டுமானால் ஹாக்ஸ் பே, அதிலும் கிம்பிளட் கிராவல்ஸ். 1867 வெள்ளத்தில் நருரோரோ ஆறு தடம் மாறியதால் வெளிப்பட்ட பழைய ஆற்றுப்படுகை, ஏறத்தாழ 800 ஹெக்டேர். சரளை தண்ணீரை நிற்க விடாது. கொடி இலையாகக் கொழிக்காமல் பழத்தை முதிரவைக்கும். பகலில் சூடேறிய கல் இரவிலும் வெப்பம் தரும். ஆனால் சொட்டுநீர் இல்லாமல் அங்கே கொடி பிழைக்காது.

பினோ நுவார் என்றால் மார்ட்டின்பரோ அல்லது சென்ட்ரல் ஒட்டாகோ. மார்ட்டின்பரோவில் மண்வாசனையும் காரசாரமும். ஒட்டாகோவில் கனிந்த செர்ரி. 13 முதல் 15 டிகிரியில் பரிமாறுங்கள். அறை வெப்பத்தில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும்.

கேள்வி: ஒட்டாகோ குளிரான பகுதி என்கிறார்களே, உறைபனியில் தளிர் கருகாதா?

பதில்: கருகும். துளிர் விடும் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை அபாயம். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று தரையில் தங்கும், மேலே வெப்பமான அடுக்கு இருக்கும். பெரிய விசிறிகளும் ஹெலிகாப்டர்களும் அந்த வெப்பத்தைக் கீழே இறக்கும். குளிர்காற்றே வீசிக்கொண்டு வந்தால் மேலே வெப்ப அடுக்கு இருக்காது, விசிறி பலிக்காது.

இன்னொரு வழி தண்ணீர் தெளிப்பு. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிவிடும். தளிர் பனிக்கட்டிக்குள் இருந்தும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆனால் ஒரு கிராம் ஆவியாக ஏறத்தாழ 600 கலோரி உறிஞ்சும். ஆகவே பாதியில் பம்ப்பை நிறுத்தினால் தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகிவிடும். விடிந்து பனி முழுக்க உருகத் தொடங்கும்வரை விடாமல் ஓட வேண்டும்.

கேள்வி: காரமான சாப்பாட்டுக்கு எது ஒத்துப்போகும்?

பதில்: வடக்கு கேன்டர்பரியின் வைபரா பகுதியில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், இலேசான இனிப்பு உள்ளதாக. ஆல்கஹால் கூடினால் மிளகாய் எரிச்சலும் கூடும், எனவே 12 சதவீதத்துக்குள் பாருங்கள்.

கேள்வி: லேபிளில் எதை நம்புவது?

பதில்: ரகம், ஆண்டு, ஊர் மூன்றுக்கும் குறைந்தது 85 சதவீதம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பெரிய டாங்குகளில் ஏற்றுமதியாகி வேறு நாட்டில் பாட்டிலாவதும் நிறைய உண்டு, பின்பக்கத்தில் பாட்டிலான இடத்தைப் பாருங்கள். 2018இல் தொடங்கிய 'அப்பலேஷன் மார்ல்பரோ ஒயின்' முத்திரை இருந்தால் திராட்சை முழுக்க மார்ல்பரோவில் விளைந்தது, பாட்டிலானதும் நியூசிலாந்தில்தான்.