மிஷின் இல்லாம ஒரு 14ஆம் நூற்றாண்டு கவுன்: எங்க ஆரம்பிக்கிறது?

கேள்வி: ஸ்வீடன்ல இருக்கேன். ஆகஸ்ட்ல விஸ்பி ஊர்ல நடக்கிற மத்தியகால வாரத்துக்கு (பழைய கால உடுப்பு போட்டுக் கொண்டாடுற விழா) குடும்பத்தோட போறோம். கடையில விக்கிற வெல்வெட் கவுன் வேண்டாம், கையாலயே தைச்சுப் போடணும்னு ஆசை. மிஷின்ல பிளவுஸ், சுடிதார் தைப்பேன். உயரம் 5 அடி 3 இன்ச். எவ்வளவு துணி, என்ன தையல், எத்தனை நாள் ஆகும்?

பதில்: சுடிதார் தைக்கத் தெரியும்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான், பிளவுஸ் தைக்கிற பழக்கம்தான் கொஞ்சம் இடைஞ்சல் பண்ணும். பிளவுஸ்ல டார்ட் (கூம்பா மடிச்சுத் தைக்கிறது) பிடிச்சு, கிராஸ் (துணியைச் சாய்வா) வெட்டி உடம்புக்கு ஷேப் கொண்டு வருவோம். இதுல டார்ட்டே கிடையாது. முன்னாடி ஒரு பட்டை, பின்னாடி ஒரு பட்டை, நடுநடுவுல மேல கூரா கீழ அகலமா முக்கோணத் துண்டு. நம்ம ஆறு பீஸ் உள்பாவாடை கணக்குதான், அதையே தோள் வரைக்கும் இழுத்துட்டதா நினைச்சுக்கோங்க.

விஸ்பிக்குன்னா 14ஆம் நூற்றாண்டையே எடுங்க. 1361ல டென்மார்க் ராஜா வால்டமார் அட்டர்டாக், விஸ்பி இருக்கிற கோட்லாண்ட் தீவு மேல படையெடுத்து வந்தாரே, அந்த வருஷத்தை வச்சுதான் அந்த விழாவே. நமக்கு அதிர்ஷ்டம் என்னன்னா அந்தக் காலத்து உடுப்பு நிஜமாவே கிடைச்சிருக்கு. கிரீன்லாந்துல ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ்னு ஒரு இடத்துல பழைய சர்ச் இடுகாட்டை 1921ல டென்மார்க் தொல்லியல் ஆய்வாளர் பவுல் நோர்லுண்ட் தோண்டினாரு. அங்க பல பேரைப் பெட்டியில வைக்காம உடுத்துன துணியிலயே சுத்திப் புதைச்சிருக்காங்க, தரை உறைஞ்சு கிடந்ததால கம்பளித் துணி அப்படியே தங்கிடுச்சு. இப்ப கோபன்ஹேகன் தேசிய மியூசியத்துல இருக்கு. நான் கீழ சொல்ற வெட்டு அதுல இருந்து எடுத்து எளிமைப்படுத்தினதுதான்.

துணி சுத்தமான கம்பளியா இருக்கணும், மெல்லிசா, கொஞ்சம் அடர்த்தியா, கிழிச்ச ஓரம் சட்டுனு நூல் பிரியாததா பாருங்க. ஆகஸ்ட்ல கம்பளியான்னு பயப்படாதீங்க, பாலியஸ்டர் வெல்வெட்டை விட இதுல காத்து போகும், உள்ள ஒரு லினன் அங்கி போட்டா வியர்வையை அது இழுத்துக்கும். முதல்ல அந்த லினன் அங்கியைத் தைச்சுடுங்க. அதே வெட்டுதான், ஆனா யாரும் பாக்க மாட்டாங்க, தப்பெல்லாம் அதுலயே பண்ணிக்கலாம்.

அளவு: 150 செ.மீ. அகலத் துணின்னா 3 மீட்டர் போதும். எப்படின்னு சொல்றேன். 140 செ.மீ. நீளத்துக்கு 55 அகலத்துல ரெண்டு பட்டை, பக்கத்துல மிஞ்சுற 40 செ.மீ. பட்டையில ரெண்டு கையும் வந்துடும். அடுத்த 90 செ.மீ. துணியில அடிப்பக்கம் 50 இருக்கிற மாதிரி நாலு முக்கோணம், ஒண்ணு நேரா ஒண்ணு தலைகீழா மாத்தி மாத்தி வச்சு வெட்டினா 125 செ.மீ. அகலத்துலயே அடங்கிடும். முக்கோணத்தோட நடுக்கோடு பாவு நூலோட (துணி நீளவாக்குல ஓடுற நூல்) ஓடணும், மறந்துடாதீங்க. மிச்சத் துண்டு அக்குளுக்கு உதவும், கம்பளி சுருங்கறதுக்கும் கொஞ்சம் கை இருப்பு வேணும், வெட்டறதுக்கு முன்னாடி ஸ்டீம் அயர்ன் நல்லா கொடுத்துடுங்க. நல்ல துணியில கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி பழைய பெட்ஷீட்ல ஒண்ணு வெட்டிப் போட்டுப் பாருங்க, கையைத் தூக்குங்க, உக்காருங்க.

கழுத்து மட்டும் ரொம்பச் சின்னதா வெட்டுங்க. என் முதல் கவுன்ல பிளவுஸ் கை தானா ஓடிடுச்சு, பின் கழுத்தை நல்லா இறக்கி வெட்டிட்டேன், போட்டு நடந்தா ரெண்டு தோளும் வழியுது, நாள் முழுக்க ஒரு கையால பிடிச்சுக்கிட்டே திரிஞ்சேன். தலை நுழையுதான்னு பாத்து அரை இன்ச் அரை இன்ச்சா பெருசு பண்ணிக்கலாம்.

இனி நிஜமாவே கஷ்டமான இடம். ரெண்டு முக்கோணம் பக்கத் தையல்ல போகும், அது சுலபம். மீதி ரெண்டுக்கும் முன் பட்டையோட நடுவுல ஒண்ணு, பின் பட்டையோட நடுவுல ஒண்ணுன்னு இடுப்புல இருந்து கீழ வரைக்கும் நேரா கீறி அதுக்குள்ள வைக்கணும். அந்தக் கீறலோட உச்சியில மடிக்கவே துணி இருக்காது. மிஷின்ல இங்கதான் சுருக்கம் விழும், கைத்தையல்ல தப்பிச்சிடலாம். கீறலோட ரெண்டு ஓரத்தையும் உள்பக்கம் மடிங்க, கீழ ஒரு செ.மீ., மேல போகப் போக குறைஞ்சு உச்சியில ஒண்ணுமில்லாம. முக்கோணத்தை அடியில வச்சு, துணியோட நல்ல பக்கம் மேல தெரிய மேஜையில பரப்பிப் பின் குத்துங்க. உச்சியில ஆரம்பிச்சு ஒரு பக்கம் கீழ வரைக்கும், திரும்ப உச்சிக்கு வந்து இன்னொரு பக்கம், மடிப்பு ஓரத்துல ஊசி லேசா நுழைஞ்சு வெளிய வர மாதிரி. உச்சியில மட்டும் ஆறேழு தையல் நெருக்கமா.

மத்த இடத்துல ஓட்டுத் தையல், நாலு தையலுக்கு ஒரு தடவை பேக் ஸ்டிச் (ஊசியை ஒரு தையல் பின்னாடி கொண்டுபோய்க் குத்தி முன்னாடி எடுக்கிறது). அக்குள், கை மூட்டுற இடம் முழுக்க பேக் ஸ்டிச்சே போடுங்க. தையல் நீளம் 2, 3 மில்லிமீட்டர். லினன் நூல்ல தேன்மெழுகு தடவிக்கோங்க, நூல் முழங்கை நீளத்துக்கு மேல வேண்டாம், முடிச்சு விழும். அப்புறம் உள்பக்கத் தையல் ஓரங்களை விரிச்சு ரெண்டு பக்கமும் ஹெம்மிங் பண்ணிடுங்க.

பட்டன் உங்க இஷ்டம். லண்டன் தோண்டல்ல கிடைச்ச 14ஆம் நூற்றாண்டுத் துணி பட்டன்களைப் பாத்தா, சின்ன வட்டமா வெட்டி ஓரத்துல நூல் ஓட்டிச் சுருக்கி உருண்டையாக்கி, துணியோட விளிம்புலயே தைச்சிருக்காங்க, நம்ம சட்டை மாதிரி உள்ள தள்ளி இல்ல. காஜாவும் விளிம்புக்குப் பக்கத்துலயே. முதல் தடவைன்னா விட்டுடுங்க, தலைவழியா போடுற மாதிரியே வச்சுக்கோங்க. முதுகுல இரும்பு வளையம் அடிச்சு கயிறு கட்டறது மட்டும் வேண்டவே வேண்டாம், பாத்த உடனே சினிமா டிரெஸ்னு தெரிஞ்சுடும்.

நேரம்? மூட்டுற தையல் மட்டும் சுமார் 10 மீட்டர். ஹெம்மிங் ரெண்டு பக்கமும் சேத்தா இன்னொரு 20, கீழ் விளிம்பு 3 மீட்டர். மணிக்கு ஒரு மீட்டர்னு வச்சா 33 மணி நேரம், வெட்டறது அளவு பாக்கறது எல்லாம் சேத்து 40. தினம் ஒரு மணி நேரம்னாலும் ஆறு வாரம், ஜூன்லயே ஆரம்பிச்சுடுங்க.

கீழ் விளிம்பை உடனே மடிக்காதீங்க. ரெண்டு நாள் ஹேங்கர்ல தொங்க விடுங்க, முக்கோணத்தோட சாய்வான ஓரம் கிராஸ் ஆனதால இழுத்து இறங்கும், ஒரு பக்கம் ரெண்டு செ.மீ. நீளமாகியிருக்கும். அப்புறம் போடப் போற செருப்பைப் போட்டு நில்லுங்க, வீட்டுல யாரையாவது தரையில உக்கார வச்சு ஸ்கேல் பிடிச்சு சாக் பீஸ்ல கோடு போடச் சொல்லுங்க, நீங்க குனிஞ்சு பாத்தா கோடு கோணலாகும். கணுக்கால் தெரியற மாதிரியே விடுங்க, விஸ்பி தெருவெல்லாம் கல்லு பாவினது, மேடு வேற.