பதில்: அப்பா இறந்தும் அழாத மகன்

விபத்தில் கணவர் போய் 2 மாதம், 15 வயது மகன் அழவே இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு கேம் ஆடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள் சகோதரி. இந்த வயதில் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். அம்மா உடைந்துவிடுவாரோ என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள். ‘இனி நீதான் குடும்பத்தைப் பார்க்கணும்’ என்று அவனிடம் சொல்லும் உறவினர்களை முதலில் நிறுத்துங்கள். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாயே திறக்கமாட்டான். வண்டியில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, அப்பா பேச்சை நீங்களே எடுங்கள். நடுவில் அழுதாலும் பரவாயில்லை. விபத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கண்முன் வருகிறது, தூக்கமில்லை, அந்தச் சாலைப் பக்கமே வரமாட்டேன் என்கிறான் என்றால் அது அதிர்ச்சியின் பாதிப்பாக இருக்கலாம். பிள்ளைகளுக்கான மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ‘நானும் போயிருக்கலாம்’ என்கிற மாதிரி பேசினால் அன்றைக்கே.