கால்பந்து நடுவர்களுக்கு முழுநேரச் சம்பளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்து பிரீமியர் லீக் போட்டிகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களைக் கட்டுப்படுத்தும் நடுவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே வருகிறார்களா? அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் போதுமானதா?
– வாசகர், திருச்சி

பிரீமியர் லீக்கைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் முழுநேர நடுவர்கள். அதற்கு முன் ஆசிரியர்களும் காவலர்களும் அலுவலக ஊழியர்களும் வார நாட்களில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை விசிலுடன் மைதானத்துக்கு வந்தார்கள். 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நடத்திய ஹோவர்ட் வெப், தெற்கு யார்க்‌ஷயர் காவல்துறையில் சார்ஜென்டாக இருந்தவர். 2001இல் நடுவர்களுக்கெனத் தனி நிறுவனம் ஏற்படுத்தப்பட்டு, ஆண்டுச் சம்பளமும் முறையான பயிற்சியும் வந்தன.

அண்மை ஆண்டுகளில் பத்திரிகைகளில் வெளியான கணக்குப்படி, உயர்நிலை நடுவர் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் அனுபவத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 பவுண்டிலிருந்து 1,50,000 பவுண்டு வரை இருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் ஆயிரம் பவுண்டுக்குச் சற்று அதிகமான தொகை தனியாகக் கிடைக்கிறது. முன்னணி ஆட்டக்காரர்கள் சிலர் இந்த ஆண்டுத் தொகையை ஒரே வாரத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஒப்பீட்டை வைத்து வாதம் செய்வது சரியாகாது என்பது என் கருத்து. ஆட்டக்காரரை வாங்கப் பல கிளப்புகள் போட்டி போடுகின்றன. நடுவருக்கு நாட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு முதலாளி. ஆகவே அவருடைய சம்பளத்தைச் சந்தை ஏற்றிவிடாது. போட்டியை நடத்துகிறவர்கள்தாம் மனம் வைத்து நிர்ணயிக்க வேண்டும். உச்சியில் இருக்கும் இருபது பேரின் சம்பளத்தை இரட்டிப்பாக்குவதைவிட, அடுத்த நிலைகளில் விசில் ஊதுபவர்களுக்கும் துணை நடுவர்களுக்கும் மகளிர் போட்டிகளை நடத்துபவர்களுக்கும் வாழ்க்கை நடத்தப் போதுமான சம்பளம் தருவதே முதலில் செய்ய வேண்டியது. நாளைய உயர்நிலை நடுவர்கள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

முழுநேரமாக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தவறுகள் குறையவில்லையே? வீடியோ வசதியும் வந்துவிட்டது. தவறு செய்பவர்களுக்கு எதற்காகச் சம்பளத்தை உயர்த்த வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் கோபம் நியாயமானது. முழுநேரச் சம்பளம் தவறுகளை ஒழித்துவிடும் என்று யாராவது வாக்குறுதி கொடுத்திருந்தால், அது பொய்யாகிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2006 உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. இங்கிலாந்தின் மிகச் சிறந்த நடுவர்களில் ஒருவரும் அப்போது ஐந்து ஆண்டுகளாக முழுநேரப் பணியில் இருந்தவருமான கிரஹாம் போல், குரோஷிய வீரர் யோசிப் ஷிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டைகளைக் காட்டினார். இரண்டாவது அட்டையோடு அந்த வீரர் வெளியேறியிருக்க வேண்டும். அட்டை ஒன்றை ஆஸ்திரேலிய அணியின் மூன்றாம் எண் வீரருக்குக் கொடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டதால், போலின் கணக்கு பிசகியது. கோட்டருகே நின்ற துணை நடுவர்களும் நான்காவது நடுவரும் அதைக் கவனிக்கவில்லை.

2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் நடந்தது இதைவிட வருத்தமானது. லிவர்பூலின் லூயிஸ் தியாஸ் அடித்த கோலுக்குத் துணை நடுவர் ஆஃப்சைடு, அதாவது சக வீரர் பந்தை அனுப்பியபோதே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்றார், என்று கொடி தூக்கினார். வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்தபோது தியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்ட வீடியோ நடுவர், சோதனை முடிந்தது என்று மட்டும் சொன்னார். மைதானத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டு, ஆஃப்சைடு முடிவு உறுதியாகிவிட்டதாக எண்ணி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அறையில் இருந்தவர்கள் சில வினாடிகளில் பிழையை உணர்ந்து பதறியது பின்னர் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவில் கேட்கிறது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் அத்தகைய முடிவைத் திருத்த விதி இடம் கொடுப்பதில்லை. லிவர்பூல் 2–1 என்று தோற்றது.

அந்த வீடியோ நடுவரும் அவருடைய உதவியாளரும் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு லீக் போட்டியில் பணியாற்றிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அந்தப் பயணக் களைப்புதான் தவறுக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் முழுநேரச் சம்பளம் வாங்கும் ஒருவர் வார நடுவில் விமானமேறி வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்வர அனுமதிக்கும் ஏற்பாட்டை முழுநேர ஏற்பாடு என்று எப்படி ஏற்பது? சம்பளத்தை உயர்த்து, வெளிவேலையை நிறுத்து, ஓய்வை ஒப்பந்தத்திலேயே எழுது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று கண்ணின் எல்லை: வேகமாக ஓடும் இருபத்திரண்டு பேருக்கு நடுவே ஒரு கால் மறைத்தால் எவராலும் பார்க்க முடியாது. இதைச் சம்பளம் மாற்றாது. மற்றொன்று தயாரிப்பு: உடல்தகுதி, சரியான இடத்தில் நிற்கும் பழக்கம், அணிகளின் ஆட்டப்பாணியைப் பற்றிய அறிவு, வீடியோ அறையோடு பேசும் ஒழுங்கு. இதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும். சர்வதேச ஆண் நடுவர்களுக்கான உடல்தகுதித் தேர்வைப் பாருங்கள். 40 மீட்டர் தூரத்தை 6 வினாடிக்குள் ஓட வேண்டும். அப்படி ஆறு முறை. பிறகு 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 18 வினாடியில் நடந்து, மறுபடியும் ஓட வேண்டும். இப்படி நாற்பது முறை. நாற்பது வயதில் ஒருவர் இந்தத் தகுதியை அலுவலகம் விட்டு வந்தபின் மாலை வேளைகளில் மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

ஜெர்மனியில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவரும் போலீஸ் அதிகாரியும் நடுவர்களாக இருந்து சிறப்பாகச் செயல்பட்டார்கள் என்று படித்தேன். வேறு தொழில் இருப்பது நல்லதுதானே?
– வாசகர், யாழ்ப்பாணம்

முழுநேர முறைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். நீங்கள் சொல்பவர்கள் ஃபெலிக்ஸ் பிரிச்சும், 2017இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் போட்டியை நடத்திய முதல் பெண்ணான பிபியானா ஸ்டைன்ஹவுஸும். நெதர்லாந்தின் பியோர்ன் கைபர்ஸ் சூப்பர் மார்க்கெட் உரிமையாளர்; 2021இல் வெம்ப்ளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியை அவர்தான் நடத்தினார். இத்தகையவர்கள் ஒரு போட்டியில் மனச்சாட்சிப்படி பெனால்டி கொடுத்துவிட்டு, அதனால் அடுத்த வாரம் ஓரங்கட்டப்பட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும். அந்தத் துணிவு நடுவருக்கு மிகவும் தேவை. முழுநேர நடுவருக்கோ, மதிப்பீட்டாளரின் ஒரு பாதகமான அறிக்கையே பிழைப்பைக் கெடுக்கும் நிலை வரக்கூடும்.

ஆனாலும் இந்த முறை யாரை உள்ளே விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சொந்தத் தொழில் உள்ளவர், நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் வழக்கறிஞர், விடுப்புத் தரும் அரசுத் துறையில் இருப்பவர் ஆகியோர் சமாளிப்பார்கள். மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் செவிலியரும் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவரும் செவ்வாய், புதன் இரவுகளில் நடக்கும் போட்டிகளுக்கு எப்படி வருவார்கள்? திறமை இருந்தும் வசதி இல்லாதவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஜெர்மனியிலும்கூட உயர்நிலை நடுவர்களுக்கு ஆண்டுத் தொகையும், போட்டிக்கு ஆயிரக்கணக்கான யூரோவும் தரப்படுகின்றன. பகுதிநேரம் என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. பிரிச்சுக்கு அவருடைய படிப்பு கொடுத்த துணிவை மற்றவர்களுக்கு ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக நான்கைந்து ஆண்டு ஒப்பந்தமும், காயம்பட்டாலோ கீழ்நிலைக்கு அனுப்பப்பட்டாலோ சம்பளம் படிப்படியாக மட்டுமே குறையும் என்ற உறுதியும், ஓய்வுக்குப்பின் வேறு தொழிலுக்கான படிப்புச் செலவும் அதில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் தொகையை மட்டும் உயர்த்தினால், நடுவரின் பயம்தான் கூடும்.

அதிகச் சம்பளம் கொடுத்தால் லஞ்சமும் சூதாட்டமும் ஒழிந்துவிடுமா?
– வாசகி, தூத்துக்குடி

ஒழியாது, குறைவதற்கு வழி உண்டு. 2004 ஆகஸ்டில் ஜெர்மன் கோப்பைப் போட்டியில் கீழ்நிலை அணியான பாடர்போர்ன், 2–0 என்று முன்னிலையில் இருந்த ஹாம்பர்க்கை 4–2 என்று வென்றது. பாடர்போர்னுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. ஹாம்பர்க் வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். நடுவர் ராபர்ட் ஹாய்ட்சர் பந்தயக் கும்பலிடம் பணம் வாங்கியிருந்தது சில மாதங்களில் வெளிவந்தது. போட்டிகளின் முடிவை வளைத்ததற்காக அவர் பெற்றது 67,000 யூரோவும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும். நீதிமன்றம் 2 ஆண்டு 5 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவரைப் பற்றி முதலில் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்குத் தகவல் கொடுத்தவர்கள் சக நடுவர்கள்தாம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

துருக்கியில் 2025 அக்டோபரில் வெளியான செய்தி இன்னும் கவலை தருகிறது. தொழில்முறைப் போட்டிகளின் 571 நடுவர்களில் 371 பேருக்குப் பந்தய நிறுவனங்களில் கணக்கு இருந்ததாகவும், 152 பேர் உண்மையிலேயே பந்தயம் கட்டியதாகவும் அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் அறிவித்தது. கணக்கு வைத்திருந்தாலே போட்டியின் முடிவை வளைத்தார்கள் என்று பொருளில்லை. ஆனால் விதி அதைத் தடை செய்கிறது. அதே நாட்டில் 2023 டிசம்பரில் ஒரு கிளப்பின் தலைவர் மைதானத்துக்குள் நுழைந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். லீக் போட்டிகளே நிறுத்தி வைக்கப்பட்டன. நல்ல சம்பளம் பேராசைக்காரரைத் திருத்தாது என்றாலும், கடன்பட்டு நிற்பவரைத் தரகரிடமிருந்து காப்பாற்றும். கூடவே கண்காணிப்பும், நடுவரின் உடலுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

நடுவர்கள் சங்கம் அமைத்துப் போராடிச் சம்பளம் பெற்ற நாடு உண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. அமெரிக்காவின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் 2024 பிப்ரவரியில் நடுவர் சங்கத்தினர் தங்கள்முன் வைக்கப்பட்ட ஒப்பந்தத்தைப் பெரும்பான்மை வாக்கால் நிராகரித்தார்கள். நிர்வாகம் அவர்களை வேலைக்கு வரவிடாமல் கதவை அடைத்து, மாற்று நடுவர்களை வைத்து மெஸ்ஸி ஆடிய தொடக்கப் போட்டி முதற்கொண்டு நடத்தியது. மார்ச் மாதத்தில் ஏழாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகி, பழைய நடுவர்கள் திரும்பினார்கள். அங்கே 2014இலும் இதே போன்ற கதவடைப்பு நடந்திருக்கிறது. கேட்காமல் கிடைக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கல்லூரி அணியில் ஆடும் என் மகள் நடுவராக விரும்புகிறாள். நம் நாட்டில் இதை நம்பி வாழ முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் ஊரைச் சேர்ந்த ரூபா தேவி இந்திய அணிக்கு ஆடியபின் உலகக் கால்பந்து அமைப்பான பிபாவின் நடுவர் பட்டியலில் இடம்பெற்றவர் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தக்கூடியவர்கள் இந்தியாவில் இன்று மிகச் சிலரே. பொறுப்போ சிறியதன்று. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வெளியேற்றுச் சுற்றில், எதிரணி தயாராகும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோலை நடுவர் ஏற்றார் என்பதற்காகக் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தைவிட்டே வெளியேறியது. அந்த அணிக்குப் பின்னர் 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த இரவில் அந்த நடுவர் தாங்கிய சுமைக்கு நம் நாட்டில் தரப்படும் ஊதியம் எவ்வகையிலும் ஈடாகாது. அது உயர வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆகவே மகள் பட்டப்படிப்பை விடாமல் முடிக்கட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசுப் பணியோ ரயில்வே பணியோ கிடைத்தால், விடுப்பு வசதியோடு நடுவர் பணியைத் தொடரலாம். இப்போதைக்கு மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் நடுவர் தேர்வு எப்போது நடக்கிறது என்று விசாரித்துப் பெயர் கொடுங்கள். ஆட்ட விதிகள் மொத்தம் 17. அவற்றில் ஆஃப்சைடு பற்றிய பதினோராவது விதியையும், ஃபவுல்கள் பற்றிய பன்னிரண்டாவது விதியையும் முதலில் படிக்கச் சொல்லுங்கள்.