எட்டுத் தூண்டிலும் இரண்டு நாற்காலியும்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் கிரெனடா ஏரியில் கிராப்பி மீன் பிடிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் ஒரு படகு வாங்கினேன். பழைய அலுமினியப் படகு, 16 அடி, தட்டையான அடிப்பாகம். குறுக்கே மூன்று பலகை இருக்கைகள், பின்னால் 25 குதிரைத்திறன் மோட்டார். அங்கே மற்றவர்கள் படகின் முன்னால் எட்டுத் தூண்டில் கம்புகளைச் சிலந்திக்கால் மாதிரி விரித்துவைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறார்கள். நாங்களும் முயன்றோம். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது, தூண்டில் நரம்பெல்லாம் ஒரே சிக்கல். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். 68 வயது, முட்டிவலி வேறு. அவரை எப்படியாவது ஒருநாள் கூட்டிப்போக வேண்டும். நடுப்பலகையை அறுத்தெடுத்துவிட்டு மேடை போட்டால் சரியாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

ஆர்., மெம்ஃபிஸ்

அன்புள்ள தம்பிக்கு,

நடுப்பலகையை அறுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பலகைதான் படகின் இரண்டு பக்கங்களையும் விலகாமல் பிடித்துவைத்திருக்கிறது. அலை அடிக்கும்போது அலுமினியத் தகடு நெளியாமல் இருப்பது அதனால்தான். பெரும்பாலான படகுகளில் அதற்கு உள்ளே மிதவை நுரையும் அடைத்திருப்பார்கள். படகில் தண்ணீர் நிரம்பிவிட்டால் முழுகாமல் தாங்குவது அந்த நுரைதான். அப்பாவை ஏற்றப்போகும் படகு இது. பலகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முன்பலகைக்கும் நடுப்பலகைக்கும் இடையில் தாழ்வாக ஒரு மேடை போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

கிராப்பியைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை உண்டு. தட்டையான உடம்பு, பெரிய கண். வாய் காகிதம் போல மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். வட மிசிசிப்பியின் நான்கு ஏரிகளான அர்க்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா இதற்குப் பேர்போனவை. நான்குமே வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். இலையுதிர் காலத்தில் தண்ணீரை இறக்கி, வசந்தத்தில் ஏற்றுவார்கள். 1957இல் ஈனிட்டில் பிடிபட்ட வெள்ளைக் கிராப்பி 5 பவுண்டு 3 அவுன்ஸ். உலக சாதனை இன்னும் அதுதான்.

சரி, உங்கள் இடுப்புக்கு வருவோம். எல்லோரும் கம்பிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை கம்பு, எந்தத் தாங்கி என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். ஒருமுறை உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் எழுந்திருக்கத் தேவையே வரக் கூடாது. இரை மாற்றுவது, மீனைத் தூக்குவது, மோட்டாரைத் திருப்புவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் உட்கார்ந்தபடியே முடிய வேண்டும். முட்டிவலிக்காரர் ஆடும் படகில் எழுந்து நிற்பதுதான் உண்மையான ஆபத்து. வலி கூட அப்புறம்தான்.

முதுகு சாயும், சுழலும் நாற்காலி இரண்டு வாங்கி, முன்மேடையில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். அதற்கு முன் அடிப்பாகத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 48 அங்குலம் இருந்தால் இரண்டு பேர் நெருக்கமாக உட்காரலாம். 36தான் என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் நடுவில் உட்கார்ந்து, நடுவில் இருப்பவர் பக்கவாட்டில் கம்பு நீட்டிக்கொள்ளலாம். நாற்காலியின் உயரம், அப்பாவின் முட்டி செங்கோணத்தில் மடங்கி பாதம் முழுக்கத் தரையில் படும் அளவு. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். உயரம் கூடக் கூடப் படகின் ஆட்டமும் கூடும்.

மேடைக்குப் பலகை வாங்கும்போது கவனம். மழைக்குத் தாங்கட்டும் என்று மருந்தேற்றிய ஒட்டுப்பலகையை என் முதல் படகில் போட்டேன். மூன்றாவது வருடம் கழற்றிப் பார்த்தால் அலுமினியம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக அரித்திருந்தது. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். சாதாரண நல்ல ஒட்டுப்பலகை வாங்கி, விளிம்பு உட்பட எபாக்சி பிசின் பூசுங்கள். திருகுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு. நீர்மட்டத்துக்குக் கீழே எங்கேயும் துளை போட வேண்டாம்.

நாற்காலி பொருந்திய பிறகுதான் கம்புதாங்கி. படகை ட்ரெய்லரில் வண்டியோடு மாட்டி வைத்து, அப்பாவை மேலே உட்காரச் சொல்லுங்கள். தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கியதும் கை தானாக எங்கே வருகிறதோ, கம்பின் அடி அங்கே இருக்க வேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் படகைத் தண்ணீரில் இறக்கியதும் கம்பைத் தாங்கியில் வைத்து, அதன் நுனி தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி சாய்வைச் சரிசெய்யுங்கள். நுனி உயரத்தில் இருந்தால் காற்று நரம்பை வளைத்துவிடும், கடித்தது தெரியாது.

எத்தனை கம்பு? இருவருக்கும் சேர்த்து நான்கில் தொடங்குங்கள். கழுத்தைத் திருப்பாமல் எத்தனை நுனியைப் பார்க்க முடிகிறதோ அத்தனைதான் உங்கள் கணக்கு. நான்கும் ஒரே நீளமாக இருக்கட்டும், 12 அடி அல்லது 14 அடி. உங்களுக்குச் சிக்கல் விழுந்ததற்கு நீளம் கலந்தது ஒரு காரணமாக இருக்கலாம், ஈயம் போதாதது இன்னொன்று. ஒவ்வொரு நரம்பிலும் அரை அவுன்ஸ் ஈயம் போடுங்கள். நரம்பு செங்குத்தாக இறங்க வேண்டும். பின்னால் சாய்ந்து இழுபட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மணிக்கு அரை மைல், அவ்வளவுதான். குழந்தை தவழும் வேகம். திரும்பும்போது அகலமாக வளைந்து திரும்புங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளினால் கொஞ்சம் இரும்புச் சங்கிலியைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கம் அடியில் இழுபட விடுவார்கள், படகு நிதானத்துக்கு வரும். காற்றை எதிர்த்துப் போவது அதைவிட எளிது.

இரையை நான்கு ஆழத்தில் விடுங்கள். ஒரே ஆழத்தில் இரண்டு மூன்று கடி வந்தால் மற்றவற்றையும் அங்கே கொண்டுவாருங்கள். கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்ப்பது. இரை மீனுக்குச் சற்று மேலே இருந்தால் ஏறி வந்து எடுக்கும், கீழே இருந்தால் கண்டுகொள்ளாது.

இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்தால் படகின் முன்பக்கம் அமுங்கும். அதனால் கனமானதையெல்லாம் பின்னால் தள்ளுங்கள், முக்கியமாக பேட்டரியையும் எரிபொருள் தொட்டியையும். ஈய பேட்டரி ஒன்றே 60 பவுண்டு வரும். அது பின்னால் போனால் படகை மெதுவாக நகர்த்தும் முன்பக்க மின்மோட்டாருக்கு நீளமான மின்கம்பி இழுக்க வேண்டும். நீளம் கூடினால் கம்பி தடிமனாக வேண்டும். 12 வோல்ட் மோட்டார் முழுவேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பி சூடாகும், மோட்டாருக்கும் வலு குறையும். தடிமனான 6 கேஜ் கம்பி போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே சர்க்கியூட் பிரேக்கர் வையுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சிறுமீன் இரை வாளி இரண்டு நாற்காலிக்கும் நடுவில், நீளக்கைப்பிடி வலை அப்பாவின் வலது கைப்பக்கம். படகின் உள்பக்கம் ஒரு சிறு தகட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருக்கும். நீங்கள், அப்பா, மோட்டார், பேட்டரி, மேடை எல்லாவற்றையும் கூட்டி அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

மார்ச், ஏப்ரலில் போனால் வெயில் சுடும், தண்ணீர் மட்டும் குளிராகவே இருக்கும். இருவரும் மிதவைச் சட்டையைக் கழற்றவே வேண்டாம். ஏரிக்குள் பழைய மரக்கட்டைகள் நிறைய. முன்னால் போகும் கம்பு கட்டையில் மாட்டினால் இழுக்காதீர்கள், படகைப் பின்னால் எடுங்கள், தானாக விடுபடும்.

மூத்தவர்களுக்கு உரிமம் வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். மிசிசிப்பியில் அந்தச் சலுகை உள்ளூர்வாசிகளுக்குத்தான். பக்கத்து மாநிலத்து மெம்ஃபிஸிலிருந்து வரும் உங்களுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கும் வெளியார் உரிமம் தனித்தனியாக வேண்டும். ஒருவருக்கு எத்தனை கம்பு, எத்தனை அங்குல மீன் என்பதும் ஏரிக்கு ஏரி மாறும். இந்த வருட விதிகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அகலத்தை அளந்ததும் எனக்கு எழுதுங்கள், மேடைக்கான அளவுகளை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்