ஹாரு உராராவை வைத்து அரிமா கினென் ஜெயிக்க முடியுமா?

கேள்வி: குதிரைகள் பெண்களாக வரும் உமா முசுமே பந்தய ஆட்டத்தை ஆட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. காசு போடவில்லை. கையில் இருப்பது இலவசமாக வந்த ஹாரு உராராதான். மண் தரை ரேஸ்களில் நன்றாக ஜெயிக்கிறாள். ஆனால் கடைசி இலக்கான அரிமா கினென் ரேஸில் நாலு தடவையும் 16ஆவது இடம். "மட்டக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், நல்ல குதிரைகளும் கார்டுகளும் உள்ள அக்கவுண்ட் 2,500 ரூபாய்க்குத் தருகிறேன்" என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் விற்க வருகிற சரக்கில் உங்களுக்குத் தேவையான பகுதி ஆட்டத்துக்குள்ளேயே இரவலாகக் கிடைக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் உராரா ஏன் 16ஆவது வருகிறாள் என்று பார்ப்போம்.

எந்தத் தரையும் தூரமும் ஒரு குதிரைக்கு ஒத்துவரும் என்பதை ஏற்புத்திறன் என்று ஆட்டம் எழுத்தில் காட்டும். உராரா மண் தரையில் ஏ, குறுந்தூரத்தில் ஏ, மைல் தூரத்தில் பி. புல் தரை, நடுத்தூரம், நெடுந்தூரம் மூன்றிலும் ஜி, அதாவது அடிமட்டம். அரிமா கினெனோ நகயாமா மைதானத்தில் புல் தரையில் 2500 மீட்டர். நீங்கள் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் நெடுந்தூரம் ஜி-யில் இருந்தால் கடைசி ஓட்டத்தில் ஸ்பீடு எண்ணின் பலனில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஏ என்றால் முழுப் பலன், பி 0.9, சி 0.8, டி 0.6 என்று அது இறங்கும். 900 ஸ்பீடு ஏற்றிவிட்டு ஜி-யோடு இறக்கினால், கடைசி ஓட்டத்தில் அதில் பெரும்பகுதி வீண். அதனால்தான் 16. குறை உங்கள் பயிற்சியிலும் இல்லை, உராராவிலும் இல்லை.

நிஜ ஹாரு உராராவும் இந்த ரேஸ் பக்கம் போனதில்லை. ஜப்பானின் கொச்சி மைதானத்து மண் தரையில் 113 ரேஸ் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்காத குதிரை அது. 2004 மார்ச்சில் யுடகா டகே என்ற பெரிய ஜாக்கியே ஏறிப் பார்த்தார், 11 குதிரைகளில் 10ஆவது. அதன்மேல் கட்டித் தோற்ற டிக்கெட்டை (ஜப்பானிய மொழியில் "பரிசு விழாது", "இடிபடாது" இரண்டுக்கும் ஒரே சொல்), விபத்துக்குக் காப்பாக வண்டியில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே அரிமா கினெனைக் கடைசி இலக்காக வைத்திருக்கிறார்கள். இலக்கில் "கலந்துகொள்" என்று மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். தோற்றாலும் ஆட்டம் முடியாது, முடிவில் வருகிற யூ.ஆர்.ஏ. ஃபைனல்ஸ் ரேஸ்களுக்குப் போகலாம். ஆகவே பதற வேண்டாம்.

ஜெயிக்கத்தான் வேண்டும் என்றால் வழி ரத்தத்தில் இருக்கிறது. கேரியர் என்பது ஒரு குதிரையை ஜூனியர், கிளாசிக், சீனியர் என்று மூன்று ஆண்டு வளர்க்கிற சுற்று. அது தொடங்கும்போது, வளர்த்து முடித்த குதிரைகளில் தேர்ந்தெடுக்கிற இரண்டு பெற்றோர், அவர்களுடைய பெற்றோர் நால்வர், ஆக ஆறு பேர். ஒவ்வொருவரிடமும் ஒரு பிங்க் ஸ்பார்க், அதாவது ஒரு ஏற்புத்திறனை வாரிசுக்குக் கடத்தும் குறி, அதில் ஒன்று முதல் மூன்று ஸ்டார். ஒரே ஏற்புத்திறனுக்கான ஸ்டார்களைக் கூட்டுங்கள். 1 ஸ்டார் இருந்தால் ஒரு படி, 4 இருந்தால் இரண்டு, 7 இருந்தால் மூன்று, 10 இருந்தால் நாலு படி ஏறும். நாலுக்கு மேல் தொடக்கத்தில் ஏறாது. ஜி-யிலிருந்து நாலு படி என்றால் சி. ஆறு பேருக்கும் மூன்று மூன்றாக இருந்தாலும் மொத்தம் 18 ஸ்டார்தான், ஆகவே புல், நெடுந்தூரம் இரண்டையும் சி-க்கு ஏற்ற முடியாது. எதை விடுவது?

நெடுந்தூரத்தை விடாதீர்கள். புல் தரையின் படி, வேகமெடுப்பதைத்தான் தொடும். அதில் சி 0.8, டி 0.7, ஈ 0.5. தூரத்தின் படி கடைசி வேகத்தையே தொடும், டி-க்குப் போனால் 0.6. புல் டி, தூரம் சி என்றால் தாங்கும். தலைகீழாக வைத்தால் தாங்காது. என் கணக்கு: நெடுந்தூரத்துக்கு 10 என்றால் அதற்கே நால்வர் வேண்டும், மீதி இருவரிடம் 6-க்கு மேல் வராது. ஆகவே நெடுந்தூரத்துக்கு 10, புல்லுக்கு 4 என்பது உச்சம், புல் அப்போது ஈ-யில் தொடங்கும். அது கையில் இல்லாதவர் நெடுந்தூரத்துக்கு 7, புல்லுக்கு 4 என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். கேரியர் நடுவே கிளாசிக் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்திலும் சீனியர் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்திலும் பெற்றோரிடமிருந்து இன்னொரு உத்வேகம் வரும். அப்போது படிகள் மேலும் ஏறலாம், ஏறாமலும் போகலாம். இரண்டாவது ஏப்ரல் முடிந்ததும் நெடுந்தூரம் டி-யிலேயே நின்றுவிட்டால் அந்தக் கேரியரில் அரிமா கினென் ஆசையை விட்டுவிடுங்கள். வழக்கமான ரேஸ்களுக்குத் திருப்பி, ஸ்பார்க் எடுக்கப் பயன்படுத்துங்கள்.

இந்த ஸ்டார்கள் எங்கிருந்து வரும்? பாதி இரவல். ஒரு பெற்றோரை இன்னொரு ஆட்டக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆட்டமே அனுமதிக்கிறது. ஆட்டக் காசு கொஞ்சம் போகும், நாளுக்கு வரம்பும் உண்டு. நெடுந்தூர ஸ்பார்க் மூன்று ஸ்டார், அதன் பெற்றோர் இருவரிடமும் மூன்று மூன்று என்று வைத்திருப்பவரைத் தேடுங்கள். அதிலேயே 9. அவருடைய டிரெய்னர் ஐடியைப் பின்தொடர்ந்தால் போதும். ஸ்பார்க் பட்டியலோடு ஐடியை இலவசமாகப் பகிர்கிறவர்கள் ஏராளம். "என் குதிரையை இரவல் தர இத்தனை ரூபாய்" என்று எவராவது கேட்டால் அவரிடமிருந்து ஓடிவிடுங்கள். நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பின்தொடர்வது இலவசம்தான். அந்தக் காசு இடையில் நிற்கிறவர் பாக்கெட்டுக்குத்தான் போகிறது.

மறு பாதி உங்கள் சொந்தக் கைவேலை. பிங்க் ஸ்பார்க், அந்தக் குதிரை ஏ அல்லது அதற்கு மேல் வைத்திருக்கிற ஏற்புத்திறன்களில் ஒன்றாகக் குலுக்கலில் விழும். எனவே புல்லிலும் நெடுந்தூரத்திலும் ஏ உள்ள குதிரையை ஓட்டி முடியுங்கள். இரண்டு ஸ்டார் குதிரையான கோல்ட் ஷிப் அதற்குத் தோது. அவளிடம் விழக்கூடியவை புல், நடுத்தூரம், நெடுந்தூரம், எண்ட் க்ளோசர் (கடைசியில் இருந்து பாயும் ஓட்ட முறை). பாதி உங்களுக்கு ஆகும். உராராவையே உராராவுக்குப் பெற்றோராக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஒரு கேரியருக்கு 30 டி.பி. (ஆடுவதற்கான, நேரத்தோடு ஊறும் சக்தி) செலவு, ஒரு டி.பி. ஊற 10 நிமிடம். ஐந்து மணி நேரம் காத்திருந்து, ஒரு மணி நேரம் ஓட்டி முடித்தால், கடைசியில் விழுவது நடுத்தூர ஒரு ஸ்டார்! அந்தக் கடுப்பில்தான் எல்லோரும் அரிதாகக் கிடைக்கும் கேரட் காசைக் கொட்டி டி.பி. நிரப்புகிறார்கள். வேண்டாம். கேரட் உங்களுக்குப் பயிற்சியில் துணை நிற்கும் சப்போர்ட் கார்டுக்கு வேண்டும். அந்தக் கடையும் ஒன்றும் யோக்கியமானதில்லை. கார்டுக் குலுக்கலில் ஒரு இழுப்பு 150 கேரட், உச்ச ரகமான எஸ்.எஸ்.ஆர். விழ 3 சதவீதம், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிற அந்தக் கார்டு விழ 0.75 சதவீதம். விழாவிட்டால் 200 இழுப்புக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம், அதற்கு 30,000 கேரட். பேனர், அதாவது அந்தக் கார்டுக்கான குலுக்கல், முடிந்தால் சேர்த்த புள்ளி அடுத்த பேனருக்கு வராது. அதோடு ஒரு பிரதி போதாது, கார்டு முழு பலத்துக்கு வர ஐந்து பிரதி வேண்டும். ஒரு பிரதி எஸ்.எஸ்.ஆர். கார்டு லெவல் 30-இல் நின்றுவிடும். ஐந்து பிரதி சேர்ந்த, அடுத்த ரகமான எஸ்.ஆர். 45 வரை போகும். பளபளப்பைப் பார்த்து மயங்காமல், ஸ்வீப் டோஷோவின் ஸ்பீடு கார்டு போன்ற எஸ்.ஆர்.களை ஐந்து பிரதி சேர்த்து முழு லெவலுக்குத் திறந்து வையுங்கள்.

இரவல் கார்டு ஒன்றுக்குத்தான் இடம். எல்லோரும் கிட்டசன் பிளாக் ஸ்பீடு கார்டை எடுக்கச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் நான் சூப்பர் க்ரீக் ஸ்டாமினா கார்டு என்பேன். உராராவுக்கு வளர்ச்சி போனஸ் பவரில் 10 சதவீதம், கட்ஸில் (மன உறுதியில்) 20 சதவீதம், ஸ்டாமினாவில் சுழியம். அவளுடைய இலக்கு ரேஸ்கள் பெரும்பாலும் குறுந்தூரமும் மைலும் என்பதால் டிசம்பர் வரை ஸ்டாமினா குறைவு வெளியே தெரியவே தெரியாது. புதியவர் அதைத் தொடாமல் ஸ்பீடும் பவரும் ஏற்றிக்கொண்டே போவார். 2500 மீட்டரில் கடைசி வளைவுக்கு முன்பே மூச்சு தீர்ந்து, எல்லோரும் பாய்கிற நேரத்தில் உராரா நடப்பாள். சூப்பர் க்ரீக் கொடுக்கிற ஸ்விங்கிங் மாயெஸ்ட்ரோ என்ற தங்க ஸ்கில் மூச்சில் 5.5 சதவீதத்தை மீட்கும். வெள்ளை மீட்பு ஸ்கில் 1.5 சதவீதம்தான். ஆகவே தங்கம் ஒன்று, வெள்ளை ஒன்றோ இரண்டோ. இவற்றோடு ஸ்டாமினா 600-ஐ ஒட்டி வேண்டும். ஸ்பீடு 800, பவர் 600, விட் (அறிவு) 300 என்பது நான் வைக்கிற குறி. கட்ஸ் தானாக வருவது வரட்டும்.

பயிற்சியில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஜூனியர் ஆண்டில் எண்ணைப் பார்க்காதீர்கள், கார்டுகள் எந்த மைதானத்தில் அதிகம் கூடுகின்றனவோ அங்கே போங்கள். ஒரு தடவை சேர்ந்து பயின்றால் நட்பு 7 ஏறும், 80 தொட்டால்தான் பலன் கூடுதலான வானவில் பயிற்சி வரும். மனநிலை உச்சத்தில் இருந்தால் பயிற்சிக்கு 20 சதவீதம் கூடுதல். ஜூலை, ஆகஸ்ட் கோடை முகாமின் நாலு திருப்பத்திலும் (அரை மாதம் ஒரு திருப்பம்) எல்லா மைதானமும் லெவல் 5, அதனால் ஜூன் கடைசியில் ஓய்வெடுத்து எனர்ஜியோடு உள்ளே போங்கள். எனர்ஜி பாதிக்குக் கீழே போனால் தோல்வி சதவீதம் எட்டிப் பார்க்கும். அப்போது விட் பயிற்சி, அதில் கொஞ்சம் எனர்ஜி திரும்பும்.

ஓட்ட முறை லேட் சர்ஜர், அதாவது பின்வரிசையில் இருந்து பாய்வது, அதில்தான் அவள் ஏ. நகயாமாவின் நேர்ப்பாதை 310 மீட்டர்தான், அதுவும் முடிவில் ஏற்றம். பின்னால் இருந்து கூட்டத்தைப் பிளந்து வர பவர் வேண்டும். பவரை 600-க்குக் குறைக்காதீர்கள் என்பது இதனால்தான்.

ஸ்கில் புள்ளியைக் கேரியர் முடிவுக்காகச் சேர்த்து வைக்கிற பழக்கம் பலரிடம் உண்டு. உங்கள் போர் டிசம்பரில், ஆகவே அரிமா கினெனுக்கு முந்தைய திருப்பத்திலேயே வாங்குங்கள். குறுந்தூரத்துக்கு, மண் தரைக்கு என்று குறிப்பு போட்ட ஸ்கில்கள் அங்கே வேலை செய்யாது. அவற்றில் ஒரு புள்ளிகூடப் போடாதீர்கள். ஒத்திகை பார்க்கிறேன் என்று நெடுந்தூர ரேஸ்களாக ஓடித் தள்ளவும் வேண்டாம். யூ.ஆர்.ஏ. ஃபைனல்ஸின் தூரம் நீங்கள் அதிகம் ஓடியதை வைத்துத்தான் முடிவாகும், பிறகு அங்கேயும் ஜி-யோடு நிற்பீர்கள்.

இப்போது அந்த அக்கவுண்ட். விற்பவர் கொடுப்பது ஒரு ஐடியும் கடவுச்சொல்லும். அவருடைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு அது முன்பே இணைந்திருக்கும். நீங்கள் காசு அனுப்பிய மறு வாரம் அந்த இணைப்பை வைத்தே திரும்ப எடுத்துக்கொள்வார், பிறகு அதையே இன்னொருவருக்கு விற்பார். நிறுவனத்திடம் முறையிட முடியாது. அக்கவுண்ட் விற்பதும் வாங்குவதும் விதிப்படி தடை, முறையிட்டால் முதலில் மூடப்படுவது உங்கள் அக்கவுண்ட்தான். "கேரண்டி உண்டு" என்பார்கள். எந்தக் கோர்ட்டில்? "ரீரோல் மட்டும்தான், புது அக்கவுண்ட், யாருடையதும் இல்லை" என்பது இன்னொரு பேச்சு. ரீரோலை நீங்களே செய்யலாம். டைட்டில் திரையில் தரவை அழித்துவிட்டு மறுபடி தொடங்கி இலவச இழுப்பைப் போடுவதுதான் அது.

ஒரு விலக்கு உண்டு, அதைக் குழப்பிக்கொள்பவர் அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பழைய போனிலிருந்து உங்கள் புதிய போனுக்கு மாற்றுவது அக்கவுண்ட் கைமாறுவது ஆகாது. போனிலிருந்து கணினியில் ஸ்டீமுக்குக் கொண்டுபோவதும் அப்படியே. அதற்குத்தான் தரவு இணைப்பு என்ற வசதி, தாராளமாகச் செய்யலாம், பழைய போன் கெடுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. வீட்டில் ஒரே டேப்லெட்டில் நீங்கள் உங்கள் அக்கவுண்ட்டையும், வேறு நேரத்தில் தங்கை தன் அக்கவுண்ட்டையும் மாற்றி மாற்றித் திறந்தாலும், யாருடையது யாரிடம் இருக்கிறது என்பது மாறவில்லை. ஆனால் ஆட்டத்தை விட்டுவிட்ட அண்ணன் தன்னுடையதைத் தம்பிக்குக் கொடுப்பது? காசு கைமாறாவிட்டாலும் விதிப்படி அது கொடுக்கக்கூடியது இல்லை. எவரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை என்பது வேறு விஷயம். இணைப்புக் கடவுச்சொல்லை மட்டும் எவருக்கும் அனுப்பாதீர்கள், "மாற்றிக் கொடுக்கிறேன்" என்று உதவ வருகிறவருக்கும்தான்.

கடைசியாக அலாரம் கடிகாரம். தோற்ற ரேஸை மறுபடி ஓட அது உதவும். அரிமா கினெனில் இரண்டு முதல் ஐந்தாம் இடத்துக்குள் வந்திருந்தால் போடுங்கள், அடைபட்டதும் ஸ்கில் வேலை செய்யாததும் அடுத்த ஓட்டத்தில் மாறலாம். பத்துக்குக் கீழே வந்தால் ஒரு கடிகாரமும் போடாதீர்கள். அன்றைய எண்களை எழுதி வைத்துக்கொண்டு, பெற்றோர் பட்டியலுக்குத் திரும்பி, எந்த ஸ்டார் குறைந்தது என்று பாருங்கள்.