‘கௌரி’ என்று தேடினால் ஏன் அகப்படவில்லை?

பழைய எழுத்துருவில் இருந்த தன் சிறுகதைகளை யூனிகோடுக்கு (எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறியீட்டு முறை) மாற்றி வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கதை முழுக்க வரும் கௌரி என்ற பெயரைத் தேடினால் ஓர் இடம்கூட வரவில்லை. மாற்றிக் கொடுத்தவர், கோப்பு கெட்டுவிட்டது, மறுபடி தட்டச்சு செய்யவேண்டும் என்று பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். கோப்பு கெடவில்லை. அதில் இருப்பது கௌரி அல்ல, கெளரி. ‘கௌ’வின் வலப்பக்கம் நிற்பது ஔகாரக் குறி, ‘ள’ என்ற எழுத்து இல்லை. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். ஆனால் யூனிகோடில் இரண்டுக்கும் வேறு வேறு எண். உங்கள் கோப்பில் குறி இருக்கவேண்டிய இடத்தில் ள இருப்பதால், கணினி அந்தப் பெயரைக் கெ, ள, ரி என்று மூன்றெழுத்தாகவே வாசிக்கிறது.

சொல்லின் முன்னால் கர்சரை வைத்து வலது அம்பை ஒருமுறை தட்டுங்கள். சரியான ‘கௌ’வை ஒரே தாவலில் தாண்டிவிடும். ‘கெ’யைத் தாண்டியதும் நின்றுவிட்டால் அடுத்து இருப்பது ள.

தட்டச்சுப் பொறியிலும் பழைய எழுத்துருக்கள் பலவற்றிலும் இரண்டுக்கும் ஒரே விசைதான். ஆகவே மாற்றும் மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தப்பிய இடங்களைத் திருத்தித் தருவதுதான் பணம் வாங்கியவர் வேலை. அதைச் செய்யாமல் கோப்பின்மேல் பழி போட்டு இரண்டாம் முறை காசு கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்து, “ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் வரும் ள எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடலாம்” என்பார். விடவே விடாதீர்கள். தெளிவு, வெள்ளம், வெளி எல்லாம் சிதையும். அவையாவது பார்த்த உடனே தெரிந்துவிடும். உங்கள் கதைகளில் பேச்சுவழக்கு இருக்குமே, அங்கேதான் ஆபத்து. “நேரமாச்சு, கெளம்பு” என்பதில் இருப்பது அசல் ள. வெளக்கு, வெளஞ்சது எல்லாம் அப்படியே. இவற்றில் ஔகாரம் புகுந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ‘கெளம்பு’ என்று தேடினாலும் வராது.

அதனால் சொல் சொல்லாக மாற்றுங்கள்: கெளரி, கெளரவம், மெளனம், பெளர்ணமி, வெளவால், அப்புறம் ஒளவை. இனிமேல் தட்டச்சு செய்யும்போது தமிழ்99 விசைப்பலகையில் ‘க’வுக்குப் பின் ‘ஔ’ விசையைத் தட்டினால் போதும்.

எழுத்துரு வரைபவர்கள் அந்தக் குறியைக் கொஞ்சம் சிறிதாக வரைந்திருந்தாலே இந்தத் தொல்லை பாதி குறைந்திருக்கும். பெயர்ப் பட்டியல் மென்பொருள் எழுதுபவர்களும் கவனிப்பதில்லை. ஒரே கௌசல்யா இரண்டு ஆவணங்களில் இரண்டு பேராகி, பெயர் பொருந்தவில்லை என்று அலைக்கழிக்கப்படுகிறாள்.